ஏழாம் அத்தியாயத்தின் பத்தொன்பது படிகள்

கௌஸ் முகைதீனுக்கு அரபு வாசிக்கத் தெரியும், அரபு தெரியாது. இது என்ன கூத்து என்று காயல்பட்டினத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே மத்ரஸாவுக்குப் போன எல்லாரும் பெரும்பாலும் அப்படித்தான். எழுத்தைக் கூட்டி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, மூக்கில் ஒலிக்க வேண்டியதை மூக்கில் ஒலித்து, குர்ஆனை முதலிலிருந்து கடைசிவரை பிழையில்லாமல் ஓதிவிடுவார்கள். பொருள் கேட்டால் முகட்டைப் பார்ப்பார்கள். இந்தப் பாதி அறிவை வைத்துக்கொண்டே துபாய் தேராவில், நாயிஃப் ரோட்டுப் பக்கம் ஒரு டைப்பிங் சென்டரில், மனிதர் பதினான்கு வருஷம் ஓட்டிவிட்டார். விசா விண்ணப்பமோ, வாடகை ஒப்பந்தமோ, எதைக் கொடுத்தாலும் பார்த்து அப்படியே தட்டுவார். எழுத்துப் பிழை வராது. என்ன தட்டினோம் என்பது மட்டும் தெரியாது. அதற்கு விசா கொடுத்த அரபு முதலாளி கபீல் மக்தூமும் கவலைப்படவில்லை, அரசாங்கமும் கவலைப்படவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அரபு எழுத்து இருக்கிற தாள் எதுவானாலும் குப்பையில் போடமாட்டார். எட்டுப் பேர் இருக்கிற ரூமில் தரையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் சட்டியை வைத்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். கடையில் இலவசமாகக் கிடைப்பது அரபுப் பத்திரிகை. அதை விரித்தால் கௌஸ் முகைதீன் தட்டோடு எழுந்துவிடுவார். மலையாளப் பத்திரிகை விரித்த பிறகுதான் உட்காருவார். கடையில் ஜெராக்ஸ் மெஷின் பார்க்கிற தேவதாஸ் குளச்சல்காரர். ரூமிலும் அவருக்குப் பக்கத்துக் கட்டில். இதை வைத்துத் தினமும் ஒரு பாட்டம் கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"வோய் பாய், இது கால்பந்து சேதி. இதுல என்ன வேதம் கெடக்கு?"

"எனக்கும் தெரியும் தேவதாஸ். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது."

"அரபியே இதுலதான் மீனைப் பொதிஞ்சு கொண்டு போறான். உமக்கு மட்டும் என்ன வோய்?"

அதுதான் கௌஸ் முகைதீனுக்கும் புரியாத விஷயம். அல்லாஹ் தன் வேதத்தை இறக்கிய எழுத்தில் இவர்கள் மீனைச் சுற்றுகிறார்களே, இவர்களுக்குக் கை கூசாதா என்று வந்த புதிதில் நினைத்தார். கூசவில்லை என்று தெரிந்தது. தன் கை கூசுவதை நிறுத்த மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை. கெட்டுப்போன பிரிண்டுகளைப் பைகளில் சேர்த்துவைப்பார். ஊரில் என்றால் இப்படிப்பட்ட தாள்களைக் கடலில் விடுவார்கள், இல்லையென்றால் கால் படாத இடத்தில் புதைப்பார்கள். தேரா கிரீக்கில் காகிதம் போட்டால் முனிசிபாலிட்டிக்காரன் பிடித்துக்கொள்வான். அதனால் பைகள் கட்டிலுக்கடியில் பெருகிக்கொண்டே போயின.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் கர்னல் வாஸிஃப் அந்தக் கடைக்குள் வந்தார். எழுபதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு. அவர் எந்த நாட்டுக்காரர் என்பதைக் கௌஸ் முகைதீன் இன்றுவரை யாரிடமும் சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. அரபு நாடுதான், அது போதும். அவர் வந்தது ஏதோ ஒரு ஃபாரம் அடிக்க. கௌஸ் முகைதீனின் விரல்கள் ஓடுவதை நின்று பார்த்தவர், மேஜைமேல் கிடந்த பத்திரிகையை எடுத்துக் கொடுத்து, "வாசி" என்றார்.

கௌஸ் முகைதீன் வாசித்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ராகம். பெட்ரோல் விலைச் செய்தியை அவர் நீட்டி முழக்கி ஓத, கடையில் நின்ற சூடான்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கர்னல் சிரிக்கவில்லை.

"இதற்கு என்ன பொருள்?"

"தெரியாது, ஸைதி."

"கொஞ்சம்கூடவா?"

"கடையில பேசுற அரபு தெரியும். மாஃபி, கலாஸ், நாளைக்கு வாங்க, பாஸ்போர்ட் எங்கே. எழுத்து அரபு தெரியாது."

கர்னலின் முகம் மலர்ந்துவிட்டது. தெரியாது என்று சொன்னதற்கு ஒரு மனிதர் இத்தனை சந்தோஷப்பட்டுக் கௌஸ் முகைதீன் பார்த்ததில்லை. தன் வாழ்க்கையை எழுதுவதாகவும், கையெழுத்துப் பிரதியைக் கணினியில் ஏற்ற ஆள் தேடுவதாகவும், புரிந்துகொள்கிற ஆள் வேண்டாம் என்று இருப்பதாகவும் கர்னல் சொன்னார். அன்றிலிருந்து கடை மூடியிருக்கிற மத்தியான நேரத்தில், ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை, ரிக்காவில் இருந்த அவருடைய ஃபிளாட்டுக்குப் போவது கௌஸ் முகைதீனின் இரண்டாவது டூட்டி ஆயிற்று.

வீட்டில் கர்னலைத் தவிர யாருமில்லை. சுவரில் ஒரு படம்: ஜீப்பின்மேல் சாய்ந்துகொண்டு ஐந்து இளம் கேப்டன்கள், ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி மீசை. கட்டன் டீ குடிக்கும்போது கர்னல் கடை அரபியிலும் ராணுவ இங்கிலீஷிலுமாகப் படத்தைக் காட்டிக் கதை சொல்வார். கதையைக் கேட்டுக் கௌஸ் முகைதீனின் தலை சுற்றும்.

ராணுவப் பாரக்கில் ரகசியமாகக் கெய்ரோ ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் ஐந்து பேரும். அரபுகள் எல்லாரும் ஒரே ஜனம், நடுவிலுள்ள எல்லைக் கோடுகளை வெள்ளைக்காரன் போட்டான், அழிக்கவேண்டும் என்று சத்தியம் செய்தார்கள். ஒரு விடியற்காலையில் அரண்மனையையும் ரேடியோ நிலையத்தையும் பிடித்தார்கள். இருபத்தேழு வயதில் வாஸிஃப் தபால் தந்தி மந்திரி. பக்கத்து நாட்டோடு ஒன்றுசேர்ந்து ஒரே நாடாக அறிவித்தார்கள். ஏழு மாதத்தில் பிரிந்தார்கள். பிரித்தது யார் என்று கேட்டால் கர்னல் படத்தில் இரண்டாவது ஆளைக் காட்டுவார். அவரைச் சுட்டது மூன்றாவது ஆள். மூன்றாமவரைச் சிறையில் போட்டது நான்காமவர். நான்காமவர் விமானத்தில் போகும்போது அது விழுந்தது. அதைப் பற்றிக் கேட்டால் கர்னல் சர்க்கரை போதுமா என்று கேட்பார். இடையில் வாஸிஃப் வடக்கு மாகாணத்துக்குக் கவர்னராகப் போனார், மந்திரியாகத் திரும்பினார், இரண்டு வருஷம் சிறையில் இருந்தார், பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்டார், எழுபத்தொன்பதில் நாடு திரும்பக்கூடாது என்று தந்தி வந்தது.

"யார் நல்லவங்க, ஸைதி?" என்று ஒருநாள் கௌஸ் முகைதீன் கேட்டுவிட்டார்.

"எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் ஒற்றுமையைத்தான் விரும்பினோம்."

ஒற்றுமைக்காக உயிரையே கொடுப்போம் என்ற ஐந்து பேரால் ஒரு மேஜையைச் சுற்றி இரண்டு வருஷம் சேர்ந்து உட்கார முடியவில்லை. எட்டுப் பேர் ஒரு கக்கூஸை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் காலம் தள்ளுகிற ரூமிலிருந்து வந்த கௌஸ் முகைதீனுக்கு இது விளங்கவே இல்லை. ஆனால் மனிதரை அவருக்குப் பிடித்திருந்தது. இவரை உட்காரவைத்துத் தானே டீ போட்டுக் கொடுத்த முதல் அரபி அவர்தான். வாரம் ஒருமுறை கர்னலின் அக்கா ஊரிலிருந்து ஃபோன் பண்ணுவாள். எண்பது வயது, ஒரு கண் தெரியாது. எப்போது வருகிறாய் என்ற ஒன்றைத் தவிர அவள் வேறெதுவும் கேட்டதில்லை. அது கடை அரபியிலேயே புரிந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போகிற தனக்கே அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லையே, இருபத்தைந்து வருஷமாகப் போகாத மனிதர் இதை எப்படித் தாங்குகிறார் என்று கௌஸ் முகைதீன் நினைத்துக்கொள்வார்.

ஏழாம் அத்தியாயம் கவர்னராக இருந்த காலத்தைப் பற்றியது. அதைக் கர்னல் ஆறே நாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். கௌஸ் முகைதீன் அப்படியே தட்டிக் கொடுத்தார். அடுத்து எட்டு, ஒன்பது, பத்து என்று வேலை நடந்தது. அடுத்த வருஷம் கர்னலின் நாட்டில் ஆட்சி கொஞ்சம் இளகியது. புரட்சியின் ஆண்டுவிழாவுக்குப் பழைய அதிகாரிகளை மன்னித்து அழைக்கப்போகிறார்கள், அவர்களின் நினைவுக் குறிப்புகளை அரசே அச்சிடும் என்று தூதரகத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். அன்று மாலையே கர்னல் சிவப்புப் பேனாவை எடுத்தார். திருத்தம் முழுவதும் ஏழாம் அத்தியாயத்தில்தான் நடந்தது.

திருத்துவார், கௌஸ் முகைதீன் தட்டுவார், பிரிண்ட் எடுப்பார், கர்னல் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டி, "பழையதைக் கிழித்துப் போடு" என்பார். நம் ஆள் கிழிப்பாரா? மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். இப்படியே பத்தொன்பது படி. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சிறியது.

ஒரே பக்கங்களைப் பத்தொன்பது தடவை தட்டினால் கல்லுக்கும் கொஞ்சம் புரியும். தர்ஜுமாவில், அதாவது குர்ஆன் விளக்கத்தில், தமிழில் கேட்ட சொற்கள் கௌஸ் முகைதீனின் நினைவில் இருந்தன. நார் என்றால் நெருப்பு. கர்யா என்றால் ஊர். ஷஹீத் என்றால் தியாகி, மய்யித் என்றால் பிணம், இவை தெரியாத காயல்காரர் யார்? முதல் படியில், "அமர்து" என்று இருந்தது, நான் கட்டளையிட்டேன்; ஒரு கிராமம் எரிந்தது. ஆறாவது படியில் கட்டளை தலைநகரத்திலிருந்து வந்தது. பதினொன்றாவதில் கட்டளை எங்கிருந்து வந்தது என்றே இல்லை, எரிந்தது வைக்கோல் என்று இருந்தது. பதினைந்தாவதில் கர்னல் அன்று ஊரிலேயே இல்லை. பத்தொன்பதாவதில் வாதி ஸமூர் என்ற அந்தக் கிராமமும் இல்லை. வடக்கு மாகாணத்தில் கவர்னர் வெட்டிய ஒரு கால்வாய் இருந்தது.

அவருக்குக் குழப்பமாகிவிட்டது. இந்த மனிதர் அன்று ஊரில் இருந்தாரா இல்லையா? எரிந்தது ஊரா, வைக்கோலா? தனக்குத்தான் அரபு தெரியாதே, எதையோ எதுவாகவோ படித்துக்கொண்டிருக்கிறோமோ? கேட்கவும் முடியாது. புரிகிறது என்று தெரிந்தால் கர்னல் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார். கௌஸ் முகைதீன் டீயைக் குடித்துவிட்டுத் தட்டினார்.

இரண்டாயிரத்து ஆறில் கர்னலுக்குக் கடிதம் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டார்கள். அக்காவுக்கு அவர் ஃபோனில் அதைச் சொன்னபோது கௌஸ் முகைதீன் அறையில் இருந்தார். மறுமுனையில் கிழவி எழுப்பிய குலவை ஒலி இந்த முனையில் அறை முழுக்கக் கேட்டது. கர்னல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், இவரும் துடைத்துக்கொண்டார்.

அதே வாரம் ரூமைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம். கட்டிலுக்கடியிலிருந்து பைகளை இழுத்தபோது தேவதாஸ் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இந்தப் பண்டாரத்தையும் புது ரூமுக்குச் சுமக்கப் போறீரா? அங்க கட்டில் கீழ எடமே இல்ல வோய்."

"பள்ளிவாசல்ல குடுத்திருவேன். அங்க பெட்டி இரிக்கி."

பழைய, கிழிந்த குர்ஆன் பிரதிகளைப் போடுவதற்குச் சந்துப் பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மரப்பெட்டி உண்டு. மரியாதையாக அப்புறப்படுத்துவதற்கு அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். பதினான்கு வருஷத்துத் தாள்களையும் அதில் சேர்த்துவிட்டுக் கௌஸ் முகைதீன் இரண்டு ரக்அத் தொழுதார். பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. பாவம், இறங்கவில்லை.

அந்தப் பெட்டியைத் திறந்து வேதம் எது, வெறும் காகிதம் எது என்று பிரிக்கிற வேலை இமாம் ஷேக் இத்ரீஸுடையது. அவருக்குப் பொருள் தெரியும். அதுமட்டுமல்ல, அவரும் கர்னலின் நாட்டுக்காரர். அந்த ஊர்ப் பேச்சைக் கேட்கத்தான் கர்னல் ஒவ்வொரு வெள்ளியும் ரிக்காவிலிருந்து நடந்து அந்தச் சின்னப் பள்ளிவாசலுக்கு வருவார். எல்லாம் கௌஸ் முகைதீனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அரபு எழுத்தைக் கண்டதும் அவருக்கு மரியாதை ஒன்றுதான் தோன்றும், அதை யாராவது படிப்பார்கள் என்பது தோன்றாது.

திங்கள்கிழமை காலை இமாம் கடைக்கு வந்தார். கையில் கடையின் பெயர் போட்ட பிளாஸ்டிக் பை.

"இது உங்கள் பை. உள்ளே இருந்ததை எழுதியது யார்?"

கௌஸ் முகைதீன் தாளைப் பார்த்தார். ஏழாம் அத்தியாயம், முதல் படி.

"யாரோ அடிக்கக் குடுத்தது, ஷேக். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க. எனக்கு அரபு தெரியாதே."

"தேடிப் பார். நாளை மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்து சொல்." இமாம் கோபமாகச் சொல்லவில்லை. கதவுவரை போனவர் திரும்பி, "நான் வாதி ஸமூர்க்காரன்" என்றார்.

அன்று ஒரு மணிக்குக் கௌஸ் முகைதீன் ரிக்காவுக்கு ஓடினார். கர்னல் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"கிழிக்கச் சொன்னேனே."

"அரபு எழுத்து, ஸைதி. எப்படிக் குப்பையில போடுறது?"

கர்னலுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. "யா கவ்ஸ், அந்த எழுத்தில்தான் நாங்கள் ஆட்களைச் சுட உத்தரவு எழுதினோம்."

பிறகு கர்னல் எழுந்து வந்து இவருடைய தோளில் கைவைத்தார். இமாம் ஒரு ஃபோன் பண்ணினால் போதும், மன்னிப்புக் கடிதம் செல்லாது, விமானத்தில் ஏறமுடியாது, அக்காவைப் பார்க்கமுடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆனால் வழி ஒன்று இருக்கிறது. எவனோ ஒருவன் கதை எழுதிக் கொண்டுவந்தான், போய்விட்டான், பெயர் தெரியாது என்று கௌஸ் முகைதீன் சொல்லவேண்டும்.

"உனக்கு அரபு தெரியாது. அது எல்லாருக்கும் தெரியும். நீ சொன்னால் நம்புவார்கள். மூன்று நாள், அவ்வளவுதான் கேட்கிறேன்."

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கௌஸ் முகைதீன் ஊருக்கு ஃபோன் போட்டார். மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் நிதானமான பெண். முழுக்கதையையும் கேட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கே தெரியாத பாஷையில நீங்க எதுக்குச் சாட்சி சொல்லப் போறீங்க? தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துருங்க. அது பொய்யும் இல்லையே."

"பொய் இல்லையா?"

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அதைச் சொல்லுங்க மொதல்ல."

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. கர்னல் தனக்கு டீ போட்டுக் கொடுத்தவர். இமாம் தினமும் முன்னால் நின்று தொழவைப்பவர். முதல் படி நிஜமா, பதினைந்தாவது நிஜமா? முதலில் எழுதியது உண்மையாகத்தான் இருக்கவேண்டுமா, வயசான மனிதர் தப்பாக எழுதிப் பிறகு திருத்தியிருக்கக்கூடாதா? அன்று கடையில் ஒரு திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளை இடத்தில் பெண்ணின் வாப்பா பெயரை அடித்துவிட்டார். பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் பிழை.

செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் போனபிறகு இமாம் அவரைத் தூணருகில் உட்காரவைத்தார். கௌஸ் முகைதீன் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தார்: யாரோ ஒருத்தன், கதை எழுதுகிறவன், பெயர் தெரியாது, போய்விட்டான்.

இமாம் தலையை ஆட்டினார். மறுக்கவும் இல்லை, நம்பியது போலவும் இல்லை. "நேற்றிலிருந்து ஒரு பக்கத்தில் நிற்கிறேன். அதற்குமேல் படிக்க முடியவில்லை, கண் மறைக்கிறது. நீ படி. நீ ஓதினால் நன்றாக இருக்கும் என்று தெரியும்."

கௌஸ் முகைதீன் தாளை வாங்கினார். படித்தார். ராகம் வந்துவிடக் கூடாது என்று பார்த்தார், வரத்தான் செய்தது. விடிந்து கொஞ்ச நேரம். வாதி ஸமூரின் ஆண்கள் எதிரிக்கு வழி காட்டினார்கள் என்று தகவல். பீரங்கி வண்டிகள் பாலத்தில். ஊருக்குள்ளிருந்து ஒரு மனிதர் வருகிறார், பள்ளிக்கூட வாத்தியார், கையில் ஒரு கம்பு, கம்பில் வெள்ளையாக ஒரு துணி. அருகில் வந்தபோது அது பெண்கள் போடும் முக்காடு என்று கண்டேன், ஓரத்தில் நீல நூலால் பூ வேலை.

"நிறுத்து" என்றார் இமாம்.

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே நடந்ததைச் சொன்னார். அன்று காலையில் வாத்தியார் தன் மனைவியையும் மூன்று வயது மகனையும் ஊருக்கு வெளியே பாறைகளுக்குள் உட்காரவைத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று அவளுடைய முக்காட்டை வாங்கிக்கொண்டு போனார். திரும்பவில்லை. எதிரியோடு ஓடிப்போன துரோகி என்று ரேடியோ சொன்னது. உறவுக்காரர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். முக்காட்டை எதற்கு வாங்கிக்கொண்டு போனார்? யாருக்குக் கொடுக்க? முப்பத்தாறு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான். அந்த மூன்று வயதுப் பிள்ளைதான் இங்கே உட்கார்ந்திருக்கிற இமாம்.

"இது கதை எழுதுகிறவன் எழுதியதா?" என்று இமாம் கேட்டார். "நீ சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்."

இமாம் நெருக்கியிருந்தால் கௌஸ் முகைதீன் பொய்யிலேயே நின்றிருப்பார். ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னது அவரைச் சாய்த்துவிட்டது. நீல நூல் வேலைப்பாட்டைப் பொய்யாக எழுத எந்த மனிதராலும் முடியாது என்று பட்டது. அக்கா எழுப்பிய குலவையும் காதில் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் அவர் அழுதுகொண்டே சொன்னார்.

"இல்ல, ஷேக். இதை எழுதினவர் வெள்ளிக்கிழமை உங்க பின்னால நிக்கிறவர். இரண்டாவது ஸஃப் வரிசையில, வலது ஓரம்."

ரிக்காவரை இருவரும் நடந்தே போனார்கள். கர்னல் கதவைத் திறந்தார். இமாமைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், கடைசியில் கௌஸ் முகைதீனைப் பார்த்தார்.

"அரபு தெரியாது என்றாயே."

"தெரியாதுதான், ஸைதி. நீங்க பத்தொன்பது தடவை எழுதிக் கத்துக்குடுத்துட்டீங்க."

கர்னல் வழிவிட்டார். இமாம் உட்காரவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்க நான் வரவில்லை, வியாழக்கிழமை நீங்கள் விமானம் ஏறினால் நான் தடுக்கப்போவதில்லை என்றார். என் உம்மா உயிரோடு இருக்கிறாள், அவளிடம் நீங்களே சொல்லுங்கள், அது போதும் என்றார். கைபேசியில் எண்ணைத் தட்டி, பேச்சு வெளியே கேட்கும்படி வைத்து, கர்னலிடம் நீட்டினார்.

கர்னல் அதை வாங்குவதற்குள் மறுமுனையில் குரல் வந்துவிட்டது. கௌஸ் முகைதீன் இந்த வீட்டில் வாரந்தோறும் கேட்ட குரலைப் போலவே வயதான குரல். கர்னல் தன் பெயரைச் சொன்னார், பதவியைச் சொல்லவில்லை. அன்று பாலத்தில் நான்தான் இருந்தேன் என்றார். உங்கள் கணவர் ஓடிப்போகவில்லை என்றார். உங்கள் முக்காட்டைக் கம்பில் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார், சுடவேண்டாம் என்று கேட்க வந்தார், நான் சுடச் சொன்னேன் என்றார். தலைநகரம், தகவல், மேலிடத்து உத்தரவு எதுவும் இந்தப் பேச்சில் இல்லை.

லைன் அறுந்துவிட்டதோ என்று இமாம் குனிந்து பார்த்தார். பிறகு கிழவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் ஏதாவது சொன்னாரா?"

கௌஸ் முகைதீன் தாளில் தேடுவது போல் மனதில் தேடிப் பார்த்தார். வாத்தியார் பேசியதாக எந்தப் படியிலும் ஒரு வரி இல்லை.

"பள்ளிக்கூடத்துக்குள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்" என்றார் கர்னல்.

இந்த வரியை இத்தனை வருஷம் தாளில்கூட எழுதாமல் மனிதர் வைத்திருந்திருக்கிறார். கௌஸ் முகைதீனுக்கு அது ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார். அப்படி நினைப்பது சரியா தப்பா என்று தெரியவில்லை.

இமாம் ஃபோனை வாங்கி உம்மாவிடம் பேசியபடியே வெளியே போனார். கர்னல் கட்டிலில் இருந்த பெட்டியைத் திறந்து, வியாழக்கிழமைப் பயணத்துக்காக மடித்து வைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினார். கௌஸ் முகைதீன் அலமாரியிலிருந்து ஹேங்கர்களை எடுத்துக் கொடுத்தார்.